12 மி.மீ. மீன் தொட்டிக்கு எக்ஸ்ட்ரா கிளியர் கண்ணாடி தேவையா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், 50 செ.மீ. உயரம். மேலே பட்டை இல்லாத திறந்த செடித் தொட்டி. 12 மி.மீ. கண்ணாடி. முன்புறம் வெள்ளை மணல், நடுவில் கல்லும் செடியும், கூட்டமாகக் கார்டினல் டெட்ரா மீன்கள். பின்பக்கம் கறுப்புத் தாள். கூடத்தில் சுவரை ஒட்டி வைக்கப்போகிறீர்கள். உட்காரும் இடத்திலிருந்து முன்பக்கமும் வலப்பக்கமும் தெரியும். ஐந்து பலகைகளுக்கும் எக்ஸ்ட்ரா கிளியர், அதாவது பச்சைச் சாயல் மிகக் குறைந்த கண்ணாடி, போட்டால் கண்ணாடிச் செலவு கிட்டத்தட்ட இரு மடங்காகும் என்று தொட்டி ஒட்டுபவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்கிறீர்கள்.

ஐந்துக்கும் வேண்டாம். முன்பக்கத்துக்குக் கட்டாயம் போடுங்கள். கையில் பணம் இருந்தால் வலப்பக்கத்துக்கும் போடுங்கள். உங்கள் கண்ணாடியின் கனமும் அந்த வெள்ளை மணலும்தான் என்னை இப்படிச் சொல்ல வைக்கின்றன. இரண்டடித் தொட்டிக்கு 5 மி.மீ. கண்ணாடியில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

சாதாரணக் கண்ணாடியின் பச்சைக்குக் காரணம் இரும்பு. கண்ணாடி உருக்கும் மணலில் இரும்பு ஆக்சைடு இயல்பாகவே கலந்திருக்கிறது. நாம் வாங்கும் சாதாரணத் தெளிகண்ணாடியில் அது ஏறத்தாழ 0.1 சதவீதம். எக்ஸ்ட்ரா கிளியரில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், 0.01 சதவீதத்தை ஒட்டி. கண்ணாடிக்குள் இரும்பு இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஒன்று அகச்சிவப்பை விழுங்கும்போது அதன் பக்கத்தில் உள்ள சிவப்பிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மற்றொன்று புற ஊதாவோடு சேர்த்து ஊதாவில் கை வைக்கிறது. இரண்டு ஓரமும் குறைந்த பிறகு நடுவில் இருக்கும் பச்சை தூக்கலாகத் தெரிகிறது. இரும்பு குறைந்த மணலைத் தேடி எடுத்து, கலப்படம் வராமல் உருக்க வேண்டியிருப்பதால்தான் இந்த வகைக் கண்ணாடிக்கு விலை அதிகம். சூரிய ஒளித் தகடுகளின் மேல்மூடியும் இரும்பு குறைந்த கண்ணாடிதான். அங்கே விழும் ஒளியில் ஒரு சதவீதம் போனாலும் மின்சாரம் போகிறது.

இப்போது கனத்துக்கு வருவோம். 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி 88 முதல் 89 சதவீத ஒளியை விடுகிறது. எக்ஸ்ட்ரா கிளியர் 91 சதவீதம். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. 12 மி.மீ.க்குப் போனால் சாதாரணக் கண்ணாடி 84, 85க்கு இறங்கிவிடுகிறது. எக்ஸ்ட்ரா கிளியரோ 90ஐ ஒட்டியே நிற்கிறது. இரண்டிலும் சுமார் 8 சதவீதம் இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி. அதை எந்த வெறும் கண்ணாடியாலும் தவிர்க்க முடியாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் உட்பக்கத்துப் பிரதிபலிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும்; அது இரண்டு கண்ணாடிக்கும் பொது.

இந்த 5, 6 சதவீத வெளிச்சத்துக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள். விளக்கைச் சற்றுக் கூட்டினாலே அது வந்துவிடும். விளக்கைக் கூட்டியும் வராதது நிறம். குறைவது எல்லா நிறத்திலும் சமமாகக் குறையவில்லை. சிவப்பில் அதிகமாகக் குறைகிறது. உங்கள் டெட்ராக்களின் அடிவயிற்றுச் சிவப்பு, ரோட்டாலா செடியின் இளஞ்சிவப்பு நுனி, மணலின் வெண்மை ஆகிய மூன்றும் அடி வாங்கும் இடம் அதுதான்.

நான் சொல்வதை நம்பி ஆர்டர் கொடுக்க வேண்டாம், நீங்களே பார்த்துவிடுங்கள். கண்ணாடிக் கடையில் 12 மி.மீ. சாதாரணத்திலும் எக்ஸ்ட்ரா கிளியரிலும் உள்ளங்கை அளவு வெட்டுத்துண்டு கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், தாளில் சுற்றி எடுத்து வாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சாதாரணத் துண்டின் அடியில் தாள் லேசாகப் பச்சை பூத்துத் தெரியும். எக்ஸ்ட்ரா கிளியர் துண்டின் அடியில் தாள் தாளாகவே இருக்கும். பிறகு நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மணலில் ஒரு கைப்பிடியையும் சிவப்பு நிறப் பொருள் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். கடைசியாகக் கறுப்புத் துணி ஒன்றின் மேல் வையுங்கள். அங்கே இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தடுமாறுவீர்கள். தாளில் வைத்த துண்டு வழியாக ஒளி போய்த் திரும்புவதால், தொட்டியில் இருப்பதைவிடப் பச்சை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பணத்தை மிச்சப்படுத்தும் விஷயமே அந்தக் கறுப்புத் துணியில்தான் இருக்கிறது. பின்பலகைக்குக் கறுப்புத் தாள் ஒட்டப்போகிறீர்கள் என்றால் அங்கே எக்ஸ்ட்ரா கிளியர் போடுவது வீண். அடிப்பலகையை மணல் மூடிவிடும், அங்கேயும் வீண். சுவரை நோக்கிய இடப்பக்கமும் அப்படித்தான். பின்னால் பனி படர்ந்தது போன்ற வெள்ளைத் தாள் ஒட்டி, அதற்கும் பின்னால் விளக்கு வைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கு வேறு. அந்த ஒளி பின்பலகையையும் முன்பலகையையும் தாண்டி வருகிறது, 24 மி.மீ. பச்சை சேர்கிறது, இரண்டையும் மாற்றியாக வேண்டும். இரண்டு அறைகளுக்கு நடுவில் தடுப்பாக வைக்கும் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

சாய்வாகப் பார்த்தால் கண்ணாடியின் கனம் பல மடங்காகிப் பச்சை கொட்டும் என்று சிலர் சொல்வார்கள். அது அவ்வளவு பெரிதல்ல. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் பார்வைக்கோடு உள்பக்கமாக வளைந்துவிடுகிறது. 45 பாகை சாய்வில் நின்று பார்த்தாலும் 12 மி.மீ. பலகைக்குள் பாதை பதின்மூன்றரை மி.மீ.தான். எவ்வளவு சாய்ந்தாலும் 16 மி.மீ.யைத் தாண்டாது.

உண்மையில் பச்சை கண்ணில் குத்தும் இடம் விளிம்பு. பட்டை இல்லாத தொட்டியில் மேல் விளிம்பு நான்கு பக்கமும் திறந்து கிடக்கும். விளக்கு நேர் மேலே தொங்கும். சாதாரணக் கண்ணாடியில் அந்த விளிம்பு கரும்பச்சைக் கோடாக எரியும். மூலைகளில், முன்பலகையின் ஓரத்தில் பக்கப்பலகையின் வெட்டு முனை தெரியும் இடத்தில், மேலிருந்து கீழ் வரை அதே பச்சை. வெள்ளை மணலின் இரு முனையிலும் அந்தப் பச்சைக் கம்பம் நிற்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். எக்ஸ்ட்ரா கிளியரில் விளிம்பு வெளிறிய நீலமாக இருக்கும். முன்பக்கத்தை மட்டும் மாற்றும்போது முன் விளிம்பு வெளிர்நீலம், மற்ற மூன்றும் பச்சை என்று வரும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நான் வலப்பக்கத்தையும் சேர்க்கச் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான்: உட்காரும் இடத்திலிருந்து தெரியும் மூலை அப்போது ஒரே நிறமாகிவிடும்.

பரப்பளவைப் பார்த்தால் செலவு தெளிவாகும். உங்கள் தொட்டிக்கு மொத்தம் ஏறத்தாழ இருபத்துமூன்றரை சதுர அடி கண்ணாடி ஆகும். முன்பலகை ஆறரை சதுர அடி. வலப்பலகை இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. அதாவது முன்பலகையை மட்டும், மொத்தக் கண்ணாடியில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல், மாற்றினாலே கண்ணுக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. அதற்கான கூடுதல் செலவும் ஐந்தையும் மாற்றுவதற்கு ஆகும் கூடுதலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வரும்.

செடிகளுக்கு இதனால் நன்மை உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடையாது. செடிக்கு ஒளி மேலிருந்து, திறந்த தண்ணீர்ப்பரப்பு வழியாக நேராக இறங்குகிறது. முன்பலகைக்கு அதில் வேலையே இல்லை. மேலே கண்ணாடி மூடி போடுபவர்களுக்கும் இரும்பைவிட மூடியில் படியும் உப்புப் பொருக்குதான் அதிக ஒளியைத் தின்கிறது. மூடியை வாரம் ஒருமுறை துடைப்பவர்களுக்கு எக்ஸ்ட்ரா கிளியர் மூடி தேவையில்லை, துடைக்காதவர்களுக்கு அது உதவாது.

விலை கூடியது என்பதால் பலமும் கூடியது என்று எண்ணி கனத்தைக் குறைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் வலிமை ஒன்றே. தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. 50 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பிய நிலையில் உங்கள் நான்கடி முன்பலகையை அது ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மேல் பட்டை இல்லாததால் அந்த விசையைத் தாங்க வேண்டியது கண்ணாடியும் ஒட்டும்தான். எக்ஸ்ட்ரா கிளியருக்கு மாறினால் 10 மி.மீ. போதும், செலவு சரிக்குச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 12 என்றால் 12தான்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம், கீறல். எக்ஸ்ட்ரா கிளியர் மென்மையானது, சுலபமாகக் கீறும் என்ற பேச்சு மீன் வளர்ப்பவர்களிடையே பரவலாக இருக்கிறது. இரண்டும் அடிப்படையில் ஒரே கண்ணாடிதான். இரும்பின் அந்தச் சிறு அளவு கடினத்தன்மையைப் பெரிதாக மாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தெளிவுக்குப் பின்னால் வெள்ளை மணலும் பலமான விளக்கும் இருக்கும்போது, சாதாரணத் தொட்டியில் யாருமே கவனிக்காத மயிரிழைக் கீறல்கூட மின்னும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய தெளிவை ஒரே ஞாயிற்றுக்கிழமைத் துடைப்பில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கீறிய எக்ஸ்ட்ரா கிளியரைவிடக் கீறாத சாதாரணக் கண்ணாடி எவ்வளவோ மேல்.

கீறல் எப்படி விழுகிறது என்பதைக் கவனியுங்கள். பாசி துடைக்கும் காந்தத்தின் உள்துண்டு மணல் மட்டத்தைத் தொடுகிறது. ஒரே ஒரு மணல் துகள் அதன் சொரசொரப்பான முகத்தில் செருகிக்கொள்கிறது. வெளியிலிருந்து காந்தத்தை மேலே இழுக்கிறீர்கள்; கையில் எதுவும் தட்டுப்படுவதில்லை, சில சமயம் சன்னமாக ஒரு கிறீச் சத்தம், அவ்வளவுதான். பாசி போனபின் பார்த்தால் மணலிலிருந்து மேல் வரை வில்லாக ஒரு கோடு. குவார்ட்ஸ் மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. அதை எதிர்த்து எந்தக் கண்ணாடியும் நிற்காது. எனவே காந்தத்தை மணலுக்கு மேல் மூன்று விரல் இடைவெளியில் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே உள்ள பட்டையைப் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் மேலிருந்து கீழாகத் தள்ளித் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் காந்தத்தின் உள்துண்டை வெளியே எடுத்து ஓடும் தண்ணீரில் விரலால் தடவிப் பாருங்கள். கீறல் விழுந்த பிறகு சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றலாம்தான். ஆனால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும், தேய்த்த இடம் சற்றுப் பள்ளமாகி அதன் வழியே தெரியும் மீன் நெளியும்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் திறந்த தொட்டியில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். தண்ணீர்க்கோட்டில் வெள்ளை உப்பு வளையம் ஏறும். தெளிந்த கண்ணாடியில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் விட்டு மட்டத்தை ஒரே இடத்தில் வைத்திருங்கள். படிந்துவிட்டால் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் ஒத்தி வைத்துத் துடைத்தால் கரையும். பிளேடை எடுக்காதீர்கள்.

தெளிவு என்பது கண்ணாடியில் மட்டும் இல்லை. புதிதாக வைத்த மரக்கட்டையிலிருந்து சாறு இறங்கித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும்போது எந்தக் கண்ணாடியாலும் வெண்மையைக் காட்ட முடியாது. ஃபில்டரில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் சில நாட்களில் தெளியும். நிறங்களைச் சரியாகக் காட்டாத மலிவான விளக்கின் கீழ் டெட்ராவின் சிவப்பு செங்கல் நிறத்தில்தான் தெரியும். கையில் இருக்கும் தொகை நல்ல விளக்குக்கோ எக்ஸ்ட்ரா கிளியருக்கோ ஏதேனும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் தயங்காமல் விளக்கை வாங்குங்கள். விளக்கும் ஃபில்டரும் ஏற்கெனவே நல்லவையாக இருக்கும்போதுதான் கண்ணாடியின் பச்சை ஒரு குறையாகவே தெரிய ஆரம்பிக்கும்.

மேல் பட்டையில்லாத, நிறமற்ற ஒட்டுடைய, எக்ஸ்ட்ரா கிளியர் தொட்டி மீதான ஆசையைப் பரப்பியதில் ஜப்பானின் நீகாதாவில் இருந்த செடித் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் 1982இல் தொடங்கிய அடா நிறுவனத்தின் க்யூப் கார்டன் தொட்டிகளைப் படங்களில் பார்த்துத்தான் நம்மில் பலர் இந்த வழிக்கு வந்தோம். அமானோ நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞரும்கூட. செடியும் கல்லும் வெண்மணலும் வெளிச்சமுமாக அமையும் அவருடைய பாணிக்கு அந்தக் கண்ணாடி பொருந்துகிறது. உங்கள் அமைப்பும் அதே வகை. அரோவானா, ஃபிளவர்ஹார்ன், கோல்டு ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் விற்பனைத் தொட்டிகளிலும் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளிலும் சாதாரணக் கண்ணாடி தன் வேலையை நிறைவாகச் செய்கிறது. கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கோ, ஊதாவும் இளஞ்சிவப்பும்தான் அவர்கள் பார்க்க விரும்புவது என்பதால், 10 மி.மீ.யிலிருந்தே முன்பக்கத்துக்குப் பரிந்துரைப்பேன். ஒரு எச்சரிக்கை: புகைப்படத்தை வைத்துக் கண்ணாடியை எடை போடாதீர்கள். கேமராவில் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாற்றினால் பச்சை மறைந்துவிடும்.

அக்ரிலிக் பற்றி யாராவது சொல்லக்கூடும். அது சுமார் 92 சதவீத ஒளியை விடும், பச்சையும் இல்லை. ஜப்பானில் ஒகினாவாவின் சுராவுமி காட்சியகத்தில் இருபத்திரண்டரை மீட்டர் அகலமும் 60 செ.மீ. கனமும் கொண்ட பிரம்மாண்டமான பலகை அக்ரிலிக்தான். வீட்டுத் தொட்டியில் அதை நான் விரும்புவதில்லை, கண்ணாடியைவிடப் பல மடங்கு எளிதாகக் கீறும்.

வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள். செயின்ட் கோபேனின் டயமன்ட், பில்கிங்டனின் ஆப்டிவைட், வெளிநாட்டுத் தொட்டிகளில் அடிபடும் ஸ்டார்ஃபயர் எல்லாம் இந்த இரும்பு குறைந்த வகைதான். ஆனால் கடைகளில் ‘கிரிஸ்டல்’, ‘ஒயிட்’, ‘சூப்பர் கிளியர்’ என்ற பெயர்களில் சாதாரணக் கண்ணாடியும் விற்கப்படுகிறது. நீங்கள் எடுத்து வந்த வெட்டுத்துண்டுகளை வெட்டப்போகும் கண்ணாடித் தகட்டின் விளிம்போடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நீலமா பச்சையா என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். வெட்டிப் பாலிஷ் போட்டு ஒட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

இன்னொன்று, டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றி வலுவூட்டிய கண்ணாடி. எக்ஸ்ட்ரா கிளியரைப் பெரும்பாலும் கட்டட முகப்புக்கும் கடைகளின் காட்சிப்பெட்டிக்கும் வாங்குகிறார்கள். அங்கே அதைச் சூடேற்றி டஃபன்டு ஆக்கியே கேட்பார்கள். அப்படி மீந்த பலகையை மலிவாகத் தருவதாகச் சொன்னால் எடுக்காதீர்கள். அதை வெட்ட முடியாது, குழாய்க்குத் துளையிட முடியாது. ஓரத்தில் ஒரு அடி பட்டால் முழுப் பலகையும் ஒரே நொடியில் தூளாகிக் கூடத்தில் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டும். பதப்படுத்தாத சாதாரண வகை எக்ஸ்ட்ரா கிளியர்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, கனத்தோடு பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒட்டுபவரிடம் முன்பலகைக்கும் வலப்பலகைக்கும் நிறமற்ற சிலிக்கோன் கேளுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கோன் மீனுக்கு ஆகாது. மேல் விளிம்புகள் நான்குக்கும் பாலிஷ் போடச் சொல்லுங்கள், விளக்கின் கீழ் பாலிஷ் இல்லாத விளிம்பு எந்தக் கண்ணாடியிலும் அசிங்கமாகத் தெரியும். கண்ணாடி மட்டுமே 65 கிலோவுக்கு மேல் வரும். தண்ணீர், மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவைத் தாண்டலாம். ஸ்டாண்டின் மேல்தளம் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டு காய ஒரு வாரமாவது விட்டு, மணல் போடும் முன்பே வெறும் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று நாள் கசிவு பாருங்கள்.